நானூற்றைம்பது மைல் தள்ளி ஒரு வீடு

முதல் நாள், வெள்ளி

காலை ஐந்தரைக்கு நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனை விட்டுக் கிளம்பினோம். என் கணவர் முன்னால் வாடகை லாரியை ஓட்டிப் போக, பின்னால் காரில் நானும் அம்மாவும் ஒன்பது வயதுப் பாப்பாவும். பன்னிரண்டு வருஷம் ஒரே அபார்ட்மென்ட்டில் சேர்ந்த சாமான் எப்படியோ லாரியில் அடங்கிவிட்டது. அடங்காதது ஒன்றுதான், பால்கனியில் நின்ற கறிவேப்பிலைச் செடி. இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. எங்கே வைத்தாலும் கிளை மடங்கியது. கீழ்வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தோம். காரில் ஏறுமுன் அம்மா நாலு கொத்து ஒடித்து ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

நாங்கள் போகிற ஊர் லூயிஸ்பர்க். மேற்கு வர்ஜீனியா மாநிலம், கிரீன்பிரையர் கவுண்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. மக்கள்தொகை நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஊர்ப் பெயரைச் சொன்னதும் பாதிப் பேர் "வர்ஜீனியாவா, ரிச்மண்ட் பக்கமா?" என்று கேட்டார்கள். அது வேறு மாநிலம். இது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863ல் அதிலிருந்து பிரிந்து தனியானது.

ஏன் போகிறோம் என்பதற்குப் பதில் சின்னது. எடிசனில் இரண்டு படுக்கையறைக்கு மாதம் 2,650 டாலர் கொடுத்தோம். இங்கே மூன்று படுக்கையறை, சுற்றி ஒரு ஏக்கர் புல்வெளி, 1,200 டாலர். என் வேலை ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் மென்பொருளைச் சோதிப்பது. 2020லிருந்து வீட்டில் இருந்தபடிதான் செய்கிறேன். அப்போதே கிளம்பியிருக்கலாமே என்றால், முடியாது. எச்-1பி என்கிற தற்காலிக வேலை விசாவில் எந்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறோம் என்பதும் மனுவில் இருக்கும். வேறு வட்டாரத்துக்கு வீடு மாற்றி அங்கிருந்து வேலை செய்வதென்றால் கம்பெனி திருத்த மனு போட்டாக வேண்டும். கிரீன் கார்டு கைக்கு வந்தது போன டிசம்பரில். அதன் பிறகுதான் எந்த ஊர் என்று யோசிக்கவே தைரியம் வந்தது.

78ஆம் எண் நெடுஞ்சாலையில் ஹாரிஸ்பர்க் பக்கம் வரை, அங்கிருந்து 81. பென்சில்வேனியா, கொஞ்சம் மேரிலாந்து, மார்ட்டின்ஸ்பர்க் பக்கம் மேற்கு வர்ஜீனியாவின் ஒரு மூலை, பிறகு நீளமாக வர்ஜீனியா. ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் மலை கூடவே வந்தது. லெக்சிங்டனில் 64க்குத் திரும்பி மேற்கே ஏறத் தொடங்கியதும் பாப்பாவுக்குக் காது அடைத்தது. அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஏட்டி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏறுற மாதிரில்லா இருக்கு" என்றாள்.

மொத்தம் சுமார் 450 மைல். லாரியின் வேகத்துக்குப் பதினோரு மணி நேரம் ஆனது.

வாடகைக் கணக்கை இணையத்தில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குப் படித்துச் சலித்த கணக்கு அது. வாடகை குறைந்த ஊர் எதற்கும் தூரம்தான். அங்கே மிச்சமாகிற பணத்தை மைல் கணக்கில் எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறோம் என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதை அன்றன்றைக்கு எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

இரண்டாம் நாள், சனி

சாமான் இறக்கவே மதியம் ஆகிவிட்டது. பக்கத்து வயலிலிருந்து ஒருவர் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் சோபாவின் மறுமுனையைத் தூக்கினார். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பெயரைச் சொன்னார்.

இந்த வீடு எங்கள் முதல் தேர்வு இல்லை. ஜூன் மாதம் வீடு பார்க்க வந்தபோது வடக்கே ஒரு பழைய பண்ணை வீட்டில் மனசு போய்விட்டது. முன்னால் அகலத் திண்ணை, பின்னால் ஆறு ஆப்பிள் மரம், வாடகை 900 டாலர். வரைபடத்தில் அந்த விலாசத்துக்கு அதிவேக இணையம் உண்டு என்றுதான் போட்டிருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் கேபிள் சாலை வளைவில் ஒரு கம்பத்தோடு முடிந்துவிடுகிறது. வீடு அங்கிருந்து கால் மைல் உள்ளே. அதுவரை இழுத்துத் தர ஒரு கம்பெனி கேட்ட தொகையில் நாலு மாத எடிசன் வாடகையைக் கட்டியிருக்கலாம். திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

அதனால் இந்த வீட்டைப் பார்த்த அன்று நான் செய்தது ஒன்றே ஒன்று. மடிக்கணினியை அடுப்படி மேசையில் வைத்து, மோடத்தில் நேராக வயரைச் சொருகி, அலுவலகத் தோழியை அழைத்து ஒரு மணி நேரம் வீடியோவில் பேசிக்கொண்டே வேலை செய்தேன். வீட்டுக்காரம்மா, எழுபது தாண்டியவர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார். நுனியைக் கிள்ளி, நாரை ஒரே இழுப்பாக அடிவரை இழுத்து, மூன்றாக ஒடித்துக் கிண்ணத்தில் போடுவது. நம் வீட்டில் செய்கிற அதே கைவாகு. ஒரு மணி நேரத்தில் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. அந்தக் கிண்ணமும் நிறைந்துவிட்டது. அன்றைக்கே முன்பணம் கொடுத்தோம்.

கைபேசி சிக்னல் வீட்டுக்குள் சுத்தமாக இல்லை. கிழக்கே மலை மறைக்கிறது. இந்தப் பக்கத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. 1958ல் அமெரிக்க அரசு 13,000 சதுர மைல் நிலத்தை வானொலி அமைதி வட்டாரம் என்று அறிவித்தது. வடக்கே கிரீன் பேங்கில் விண்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிக்கும் தொலைநோக்கிகளுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்பதற்காக. இப்போது அங்கே நிற்கும் பெரிய தொலைநோக்கி 485 அடி உயரம், அதன் தட்டு நூறு மீட்டர் அகலம். அதை ஒட்டிய ஊர்களில் வைஃபைக்கே கட்டுப்பாடு. லூயிஸ்பர்க் அந்த வட்டாரத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் வீட்டு வைஃபைக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் மலைப்பக்கம் மலிவாக ஒரு வீடு கிடைக்கிறதே என்று இன்னும் வடக்கே போகிறவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும். வீட்டில் இருந்து வேலை செய்கிறவருக்கு இதுதான் சோறு.

வைஃபை வழியாகவே பேசும் வசதியைக் கைபேசியில் போட்டுவிட்டேன். அலுவலகக் கணக்கில் நுழைய வரும் ரகசிய எண் இனி வந்து சேரும்.

மூன்றாம் நாள், ஞாயிறு

லாரியை ஒப்படைத்தாயிற்று. அவர் இன்று திரும்பிவிட்டார்.

அவர் வேலை மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில். கையில் உறை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டிய வேலை, அதை மலைமேல் கொண்டுவர முடியாது. இந்தப் பக்கம் வேலை கிடைக்கும் வரை எடிசனில் ஒரு நண்பர் வீட்டு அறையில் இருப்பார். நியூயார்க்கிலிருந்து சிகாகோ போகும் கார்டினல் என்ற ரயில் வாரத்தில் மூன்று நாள் ஒயிட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸில் நிற்கிறது. அது இங்கிருந்து பத்தே மைல். வெள்ளிக்கிழமை காலை நெவார்க்கில் ஏறினால் மாலையில் இறங்கலாம், ஞாயிறு திரும்பலாம். இந்த ஊரை முடிவு செய்ததில் அந்த ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

பாப்பா நடைமேடையில் அழவில்லை. காரில் வந்து அழுதாள். இன்றைக்கு வேறு எழுதத் தோன்றவில்லை.

நாலாம் நாள், திங்கள்

ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒன்றும் இல்லை. வெள்ளைவெளேரென்று மூடுபனி. ஆற்றுப் பக்கத்திலிருந்து எழும்பி வந்து வேலி வரை நிற்கிறது. ஒன்பது மணிக்குள் கரைந்து, மாடுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. அதற்குள் நான் இரண்டு மீட்டிங் முடித்திருந்தேன்.

வேலை நேரம் மாறவில்லை, ஒரே நேர மண்டலம்தான். மாறியவை காகிதங்கள். மனிதவளத் துறையிடம் மூன்று மாதம் முன்பே எழுதிக் கேட்டேன். கம்பெனி புது மாநிலத்தில் சம்பளப் பட்டியலைப் பதிவு செய்ய வேண்டும், வருமான வரியை இனி அந்த மாநிலத்துக்குப் பிடிக்க வேண்டும். சொல்லாமல் மாறிவிட்டு வருஷக் கடைசியில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். சில கம்பெனிகள் செலவு குறைந்த ஊருக்குப் போனால் சம்பளத்தையும் குறைக்கும். எங்களிடம் குறைக்கவில்லை, ஆனால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் லாரிக்குப் பணம் கட்டினேன். கம்பெனி நியூயார்க் மாநிலத்தில் இருந்தால் கணக்கே வேறு. கம்பெனியின் தேவைக்காக இல்லாமல் நம் வசதிக்காக வெளியூரில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு நியூயார்க் தன் வரியைக் கேட்கும், நாம் எந்த மலையில் இருந்தாலும். தோழி ஒருத்தி இதனாலேயே கிளம்பவில்லை.

ஊரார் முதலில் கேட்கிற கேள்வி, "அந்தத் திட்டத்தில் வந்தீர்களா?" என்பது. 2021ல் தொடங்கிய அசெண்ட் மேற்கு வர்ஜீனியா திட்டத்தைச் சொல்கிறார்கள். இன்டுயிட் என்ற மென்பொருள் கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்த பிராட் ஸ்மித் இந்த மாநிலத்துக்காரர். அவரும் மனைவியும் கொடுத்த 2.5 கோடி டாலரில் ஆரம்பித்தது. வெளிமாநிலத்திலிருந்து தன் வேலையோடு இங்கே குடிவருகிறவர்களுக்கு 12,000 டாலர் வரை தருகிறார்கள். நாங்கள் அதில் வரவில்லை. குடும்பம் இரண்டு இடத்தில் இருக்கும்போது இன்னொரு நிபந்தனையைத் தலையில் ஏற்றிக்கொள்ள மனமில்லை. கிடைக்கிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும், வரி உண்டு என்பதை மட்டும் கணக்கில் வைக்கட்டும்.

பணம் கொடுத்து ஆளைக் கூப்பிடுகிறார்களே என்று எடிசனில் சிலருக்குச் சிரிப்பாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1950ல் இந்த மாநிலத்தில் 20 லட்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் கீழே. சுரங்க வேலை குறையக் குறைய பிள்ளைகள் வெளியே போய்விட்டார்கள். வீட்டுக்காரம்மாவின் மகனும் வட கரோலினாவில்தான் இருக்கிறார். நாங்கள் இருப்பது அவர் வளர்ந்த வீடு. கதவு நிலையில் அவர் உயரத்தைப் பென்சிலால் வருஷா வருஷம் குறித்த கோடுகள் இருக்கின்றன. அதன்மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

ஐந்தாம் நாள், செவ்வாய்

இன்று பருப்பு வேகவில்லை.

மதியம் மீட்டிங் முடிந்து அடுப்படிக்கு வந்தால் அம்மா குக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆறு விசில். துவரம்பருப்பு ஒவ்வொன்றும் உடையாமல் அடியில் கிடக்கிறது, மேலே தெளிந்த மஞ்சள் தண்ணீர். ஒன்றை எடுத்து விரலிடையில் நசுக்கினேன். மேல்புறம் வழுக்கியது, உள்ளே குருணை மாதிரி நறநறத்தது.

"பருப்பு பழசாம்மா?"

"அதே பையில எடுத்ததுதான் போன வாரம் அங்க மூணு விசில்ல மசிஞ்சுது. தண்ணியைப் பாருட்டி."

கெட்டிலைத் திறந்து காட்டினாள். நாலே நாளில் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்புத் தூள் போல உதிர்கிறது.

அம்மா ஊரில் இரண்டு கிணறு. வீட்டுப் பின்னால் இருப்பது உப்புத் தண்ணி, குளிக்கவும் துவைக்கவும். நல்ல தண்ணிக் கிணறு ஊருக்கு வெளியே அம்மன் கோயில் பக்கம். குடிக்கவும் பருப்புக்கும் தினம் நாலு குடம் அங்கிருந்துதான் இடுப்பில் வரும். "உப்புத் தண்ணியில பருப்பு வேகாதுன்னு உங்க ஆச்சி சொல்லுவா. இங்க வந்து அதே பாடா இருக்கு" என்றாள்.

இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஊருக்குள் வீடு எடுத்தால் நகராட்சித் தண்ணீர், ஊரைத் தாண்டினால் ஆழ்துளைக் கிணறு. மழைநீர் கல்லைக் கரைத்துக் கரைத்து அடியில் குகைகள் உண்டாகியிருக்கின்றன. ஊருக்குப் பக்கத்திலேயே 120 அடி ஆழத்தில் லாஸ்ட் வேர்ல்டு குகை இருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்புறப் புல்வெளி நடுவில் கிண்ணம் போல ஒரு பள்ளம். மழை பெய்தால் நாலு பக்கத் தண்ணீரும் அதில் இறங்கிக் காணாமல் போகிறது. எங்கே போகிறது என்றால் கீழேதான், நம் கிணற்றுக்கும். வழியில் மண் வடிகட்டுவதற்கு நேரமில்லை. ஆகவே இப்படிப்பட்ட நிலத்தில் கிணற்று நீரில் கிருமி இருக்கிறதா என்று பரிசோதிக்காமல் குடிவரக் கூடாது. நாங்கள் ஜூலையிலேயே ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டோம். புற ஊதா விளக்கு வைத்த வடிகட்டி ஏற்கெனவே இருந்தது. கிருமியைப் பார்த்தோம், சுண்ணாம்பை யோசிக்கவில்லை. அந்தக் கால்சியம் பருப்பின் செல்சுவரில் உள்ள பெக்டினோடு சேர்ந்து இறுகிக்கொள்கிறது. எவ்வளவு விசில் விட்டாலும் பிரியாது.

உறுதி செய்துகொள்ள அம்மா ஒரு காரியம் செய்தாள். கடையில் வாங்கிய ஒரு கேலன் தண்ணீரில் அதே பருப்பை அதே அளவு போட்டு வைத்தாள். மூன்றாவது விசிலில் குழைந்துவிட்டது. இரண்டு கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்குக் காட்டியபோது அவள் முகத்தில் இருந்த திருப்தியைச் சொல்லி முடியாது.

சாயங்காலம் வீட்டுக்காரம்மா தக்காளி கொண்டுவந்தார். அவரிடம் சொன்னேன். பின்கட்டில் கூரைத் தண்ணீர் விழும் பீப்பாயைக் காட்டி, தன் அம்மா அவரை விதை வேகவைக்க அந்தத் தண்ணீரைத்தான் எடுப்பார், இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுவார் என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டினாள். பிறகு, "அவங்களும் பருப்புக்குத் தண்ணி தேடினவங்கதானா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நீரை மென்மையாக்கும் கருவி ஒன்றை அடுத்த மாதம் பொருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை சமையலுக்குக் கேன் தண்ணீர்.

ஒன்பதாம் நாள், சனி

மேற்கு வர்ஜீனியாவின் மாநிலக் கண்காட்சி ஆகஸ்டில் நடக்கிறது. அது தலைநகரில் இல்லை, எங்கள் ஊரை ஒட்டிய ஃபேர்லியில். இவ்வளவு சின்ன இடத்துக்கு மாநிலம் முழுக்க வந்து இறங்குகிறது. முக்கால் மைல் போக நாற்பது நிமிஷம்.

ராட்டினமும் இனிப்புக் கடைகளும் பாப்பாவுக்கு. அம்மா நேரே மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தாங்களே வளர்த்த மாட்டையும் ஆட்டையும் பன்றியையும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். இரவு அங்கேயே வைக்கோலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. ஒரு பையன் பழுப்பு நிறக் கிடாரியைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா கேட்காமல் கிட்டே போய், கழுத்துக்குக் கீழே தொங்கும் தாடியை நீவிவிட்டாள். அந்த இடத்தை நீவினால் மாடு கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது. பையன் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"அவங்ககிட்ட பசு இருக்கா?" என்று என்னிடம் கேட்டான்.

"சின்ன வயசுல ஏழு இருந்துச்சாம்" என்றேன்.

அவன் துணியை அம்மாவிடம் நீட்டினான். மீதிப் பக்கத்தை அம்மாதான் துடைத்துக் கொடுத்தாள். எடிசனுக்கு மூன்று தடவை வந்து மாதக்கணக்கில் இருந்திருக்கிறாள். ஒரு தடவைகூட வீட்டுக்கு வெளியே அவள் கைக்கு ஒரு வேலை கிடைத்ததில்லை.

பத்தாம் நாள், ஞாயிறு

அரிசிக்காக ரோனோக் போய்வந்தோம். வர்ஜீனியாவில் உள்ள நகரம். போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர அதே. எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டில் காரை நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் முருங்கைக்காய் முதல் இடியாப்ப மாவு வரை கிடைக்கும். இங்கே மாதம் ஒருமுறை பட்டியல் போட்டுப் போக வேண்டும். இன்றைய பெட்ரோலும் மதியச் சாப்பாடும் சேர்த்து 58 டாலர் ஆனது.

கண் டாக்டர் பெக்லியில், சுமார் ஐம்பது மைல். பாப்பாவின் பல் கம்பிக்கும் அங்கேதான் போக வேண்டியிருக்கும் போல. அவசர சிகிச்சைக்கு மருத்துவமனை ஊரை ஒட்டியே இருக்கிறது. அம்மாவை வைத்துக்கொண்டு அது இல்லாத ஊருக்கு நான் வந்திருக்கவே மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எடிசனில் பன்னிரண்டு மைல் போக ஒரு மணி நேரம் பிரேக்கிலேயே கால் இருக்கும், வீட்டுக்கு வந்தால் யார் மேலாவது எரிந்து விழுவேன். இன்று மூன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து தோசைக்கு அரைத்தேன்.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்

பள்ளி நேற்றுத் திறந்தது. மஞ்சள் பேருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது. வகுப்பில் நம் முகம் இவள் ஒருத்திதான். பெயரை ஆசிரியை மூன்று முறை கேட்டாராம், நாலாவது முறை சரியாகச் சொன்னாராம். இதைச் சொல்லும்போது பாப்பா சந்தோஷமாகத்தான் இருந்தாள். நான் கவனித்துக்கொண்டே இருப்பேன்.

மதிய இடைவேளையில் ஊருக்குள் நடந்தேன். ஒரே கடைத்தெரு, செங்கல் கட்டடங்கள். 1902ல் கட்டிய கார்னகி ஹால் இருக்கிறது. நியூயார்க்கில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரில் இன்றும் நிகழ்ச்சி நடக்கிற அரங்குகள் உலகத்தில் நாலே நாலு, அதில் ஒன்று இந்த ஊரில். பிள்ளைகளுக்கு வகுப்புகளும் நடத்துகிறார்கள். பாப்பாவின் வயலினை நிறுத்த வேண்டியிருக்குமோ என்ற கவலை தீர்ந்தது.

ஒரு கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். வாடகை ஏறிக்கொண்டே போகிறது, தன் சம்பளத்தில் ஊருக்குள் வீடு கிடைக்கவில்லை, அடுத்த ஊரிலிருந்து தினம் வருகிறேன் என்றாள். என்மேல் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மலிவாகத் தெரிகிற 1,200 அவளுக்கு எட்டாத தொகை. என்னைப் போல வெளியூர்ச் சம்பளத்தோடு வருகிறவர்கள் கூடக்கூட அது இன்னும் ஏறும். இது மனதை உறுத்துகிறது. வீட்டுக்கு வந்தபிறகும் வேலை ஓடவில்லை.

பதினைந்தாம் நாள், வெள்ளி

அவர் வருகிறார். மூன்று மணிக்கே வேலையை முடித்துக்கொண்டு, பாப்பாவைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு, அம்மாவோடு ஒயிட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் போனோம்.

இந்த ஊர் என்றால் எல்லோரும் கிரீன்பிரையர் ஹோட்டலைத்தான் சொல்வார்கள். பனிப்போர்க் காலத்தில் அணுகுண்டு விழுந்தால் நாடாளுமன்றத்தினர் ஒளிந்துகொள்ள அதன் அடியில் ரகசியமாகக் காப்பறை கட்டி, 1992ல் செய்தி வெளியாகும் வரை முப்பது வருஷம் மறைத்து வைத்திருந்தார்கள். பார்க்கச் சீட்டு உண்டு. நான் பாப்பாவுக்குச் சொல்ல நினைத்தது வேறு ஒருவரைப் பற்றி.

நாசா விண்வெளி நிறுவனத்தில் கணக்குப் போட்ட கேத்தரின் ஜான்சன் 1918ல் இந்த ஊரில் பிறந்தவர். 1962ல் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றக் கிளம்புமுன், கணினி போட்ட கணக்கை அந்தப் பெண் சரிபார்த்துச் சொல்லட்டும் என்று கேட்டாரே, அவர்தான். அந்தக் காலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இந்தக் கவுண்டியில் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி கிடையாது. படிக்க வைக்க வேண்டுமென்று பெற்றோர் 120 மைலுக்கு அப்பால் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் வீடு எடுத்தார்கள். பள்ளி நாட்களில் பிள்ளைகள் அங்கே, கோடை வந்தால் இங்கே. அப்பாவுக்கு வேலை இந்தப் பக்கம். பதினாலு வயதில் பள்ளியையும் பதினெட்டில் கல்லூரியையும் முடித்தார்.

"அவங்க அப்பாவும் ரயில்லயா வந்து போனார்?" என்று பாப்பா கேட்டாள். தெரியவில்லை என்றேன். அந்தக் காலத்து மலைப்பாதையில் 120 மைல் என்பதை நினைத்துப் பார்த்தேன். எங்கள் 450 மைலுக்குச் சொகுசு இருக்கை உண்டு, ஒரு படியிலும் யாரும் எங்களைத் தடுக்கவில்லை.

ஓடைக்கரைத் தெருக்களில் வீடுகள் இருந்த இடங்கள் சில இன்னும் வெறும் புல்லாகக் கிடக்கின்றன. 2016 ஜூன் வெள்ளத்தில் மாநிலத்தில் 23 பேர் இறந்தார்கள், இந்த ஊருக்குப் பலத்த அடி. மலைநாட்டில் சமதளமாக, அழகாக, மலிவாக ஒரு வீடு அகப்பட்டால் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசின் வெள்ள வரைபடம் இலவசம். அதைப் பார்த்துத்தான் நாங்கள் மேட்டு வீடாக எடுத்தோம்.

ரயில் ஐம்பது நிமிஷம் தாமதம். அம்மா தூக்குவாளியில் சாம்பார் சாதம் வைத்திருந்தாள், நன்றாக வெந்த பருப்பில். பெஞ்சில் உட்கார்ந்து பாப்பாவுக்கு ஊட்டிவிட்டாள். ஆறே முக்காலுக்கு வளைவில் வெளிச்சம் தெரிந்தது.

இறங்கியது மொத்தம் ஐந்து பேர். கடைசியாக அவர். முதுகில் ஒரு பை. இரண்டு கையாலும் ஒரு பிளாஸ்டிக் வாளியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். வாளிக்கு மேலே, கிளைகளைக் கழித்துப் பாதியாகக் குறைத்து, துணியால் வளைத்துக் கட்டிய எங்கள் கறிவேப்பிலைச் செடி. பாப்பா ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு வாளியைக் கீழே வைக்கவும் முடியவில்லை, அவளைத் தூக்கவும் முடியவில்லை.

"பத்துப் பதினோரு மணி நேரம் எங்க வச்சிருந்தீங்க?" என்றேன்.

"ஜன்னலோர சீட் அதுக்கு, பக்கத்து சீட் எனக்கு. வாஷிங்டன்ல நிக்கும்போது கொஞ்சம் தண்ணி விட்டேன்."

அம்மா வாளியை வாங்கி விரலை மண்ணில் விட்டுப் பார்த்தாள். கழித்த கிளை நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒரு கணுவில் கடுகளவு பச்சை வந்திருந்தது.

"மாப்பிள்ளை, இதுக்கு நம்ம வீட்டுக் குழாத் தண்ணி ஆகாது" என்றாள். "பின்னால பீப்பாய்ல மழைத்தண்ணி கிடக்கு. அதைத்தான் ஊத்தணும்."